வேட்டைக்கு வரும் அரசர்

மாட்டுப் பொங்கலன்று காலையில் பழையசீவரம் மலையடிவாரத்தில் நின்றால், ஓர் அரசர் வேட்டைக்கு வருவதைக் காணலாம். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சிபுரத்திலிருந்து அவர் இரவோடு இரவாகப் புறப்பட்டு வருவார். வழிநெடுக ஒவ்வோர் ஊரிலும் மண்டகப்படி. வாசல் தெளித்துக் கோலமிட்டு, தேங்காய் பழத் தட்டுடன் மக்கள் காத்திருப்பார்கள். முன்னே திருச்சின்னம் ஒலிக்கும், நாகஸ்வரமும் தவிலும் தொடரும், தீவட்டிகள் புகையும், அகன்ற வெண்குடைகள் அசையும், சாமரங்கள் வீசும். குடைகளின் நிழலில், ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோளில், அத்திகிரி அருளாளராகிய வரதராசப் பெருமாள் மலையேறி மண்டபத்தில் எழுந்தருள்வார். அவருடைய பெயர்களில் ஒன்று தேவராசன். அவர் இங்கே வருவதற்குப் பார்வேட்டை என்று பெயர்.

என் தாயாரின் ஊர் வாலாஜாபாத்துக்கு அருகில் உள்ளது. எனவே இந்தத் திருவிழாவைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வருகிறேன். ஆனால், இதை ஓர் அரசவையின் ஊர்வலமாக நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எனக்கு இது சாமி புறப்பாடு, அவ்வளவுதான். அரசவை என்றால் என்ன, அரண்மனை என்றால் என்ன என்ற கேள்வியை எனக்குள் எழுப்பியது காஞ்சிபுரமன்று. கடல் கடந்த ஜாவாத் தீவிலுள்ள யோக்யகர்த்தா நகரம்.

அந்நகரின் நடுவே இன்றும் அரசர் வாழும் அரண்மனை ஒன்று இருக்கிறது. ஜாவானியர் அதைக் 'கெராத்தோன்' என்கிறார்கள். 1755-ஆம் ஆண்டு கியாந்தி உடன்படிக்கையின்படி மத்தாராம் அரசு சுரகர்த்தா, யோக்யகர்த்தா என இரண்டாகப் பிரிந்தது. யோக்யகர்த்தாவின் முதல் சுல்தானான முதலாம் ஹமெங்குபுவோனோ இந்த அரண்மனையை எழுப்பினார். இன்று அரியணையில் இருப்பவர் பத்தாம் ஹமெங்குபுவோனோ, 1989-இல் முடிசூடியவர். இந்தோனேசியக் குடியரசின் யோக்யகர்த்தா சிறப்பு மாநிலத்துக்கு அவரே ஆளுநரும் ஆவார்.

காலை வேளையில் பொதுமக்களுக்கு அரண்மனையின் ஒரு பகுதி திறந்திருக்கும். நான் சென்ற நாளில் பள்ளிக் குழந்தைகளின் கூட்டம் அதிகமாக இருந்தது. பளிங்கு மாளிகையையும் மின்னும் அரியணையையும் எதிர்பார்த்துச் சென்ற எனக்கு முதலில் சற்று ஏமாற்றந்தான். கண்ணில் பட்டவை மணல் பரப்பிய முற்றங்களும், நிழல் தரும் மரங்களும், சுவர்களே இல்லாத திறந்த மண்டபங்களும் மட்டுமே. அத்தகைய மண்டபத்துக்கு அவர்கள் மொழியில் 'பெண்டோபோ' என்று பெயர். மண்டபம் என்ற சொல்லின் திரிபே அது. அரண்மனையின் தலையாய மண்டபத்துக்குப் 'பங்சல் கெஞ்சானா' என்று பெயர்; கெஞ்சானா என்பது நாம் அறிந்த காஞ்சனம். பொன்மண்டபம் என்று நம்மவர் சொல்வதையே அவர்களும் சொல்கிறார்கள்.

ஒரு வாயிலின் அருகே வழிகாட்டி என்னை நிறுத்தினார். பின்னிப் பிணைந்த இரண்டு நாகங்களின் சிற்பத்தைக் காட்டி, "இது ஓர் ஆண்டு" என்றார். 'துவி நாக ரச துங்கல்' என்பது அதன் பொருளாம். துவி என்றால் இரண்டு, நாகம் எட்டு, ரசம் ஆறு, துங்கல் ஒன்று. வலமிருந்து இடமாகப் படித்தால் 1682. அது ஜாவானிய ஆண்டு. ஆங்கில ஆண்டில் 1756. அரண்மனை குடிபுகுந்த காலத்தை இப்படிச் சிற்பமாக எழுதி வைத்திருக்கிறார்கள். சோதிட நூல்களைப் புரட்டியவர்களுக்கு இது புதிதன்று. நாகம் என்றால் எட்டு, ரசம் என்றால் ஆறு என்று சொற்களால் எண்ணைக் குறிக்கும் வழக்கம் நம் பழைய கணித நூல்களிலும் உண்டு. எண்களை வலமிருந்து எடுக்க வேண்டும் என்ற விதியும் அதே விதிதான்.

அந்த ஆண்டுக் கணக்கின் வரலாறும் சுவையானது. ஜாவானியர் நெடுங்காலம் நம்மைப் போலவே சக ஆண்டைப் பின்பற்றி வந்தனர். 1633-இல் மத்தாராமின் சுல்தான் அகுங், இசுலாமிய முறைப்படி சந்திர மாதங்களுக்கு மாறினார். ஆனால், ஆண்டு எண்ணை அவர் ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. சக ஆண்டு 1555 நடந்துகொண்டிருந்தது, அதிலிருந்தே தொடர்ந்தார். புதியதை ஏற்கும்போது பழையதன் கணக்கை அழிக்காத இந்த மனப்பாங்கை அந்த அரண்மனையில் அடி எடுத்து வைக்கும் இடமெல்லாம் காணலாம். சுல்தான் இசுலாமியர், அரண்மனைக்குப் பெரிய பள்ளிவாசல் உண்டு. ஆனால், அங்கே ஆடப்படும் நாடகங்களிலும் தோற்பாவைக் கூத்துகளிலும் வருபவர்கள் அர்ச்சுனனும் பீமனும் இராமனும்தாம்.

அரண்மனையின் உயிர் அதன் கட்டடங்களில் இல்லை. 'அப்தி தாலம்' எனப்படும் பணியாளர்களிடம் இருக்கிறது. கருநீலக் கோடிட்ட மேலங்கி, பத்திக் வேட்டி, தலையில் துணிப்பாகை, முதுகுப்புறம் செருகிய கிரிஸ் என்னும் குறுவாள், வெறுங்கால்கள். இதுவே அவர்களின் கோலம். ஆண்களும் பெண்களும் இப்பணியில் இருக்கிறார்கள். அன்றாடம் பணிபுரிவோர் சிலர். அரசு அலுவலிலிருந்து ஓய்வுபெற்றபின் தாமே விரும்பி வந்து சேர்ந்தோர் சிலர். தங்கள் முறை வரும் நாளில் வந்து பணிசெய்துவிட்டுச் செல்வோரும் உண்டு. கிடைக்கும் ஊதியம் மிகச் சிறியது. "இதற்காகவா வருகிறீர்கள்?" என்று ஒரு முதியவரிடம் வழிகாட்டி வாயிலாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, மனத்துக்கு அமைதி கிடைக்கிறது என்றார். அரண்மனையின் அருள் குடும்பத்துக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்தது.

முற்பகல் 11 மணியளவில் ஒரு காட்சியைக் கண்டேன். பெண் பணியாளர்கள் சிலர் வரிசையாக நடந்து வந்தனர். தட்டுகளில் தேநீரும் தண்ணீரும். அவற்றுக்கு மேலே ஒரு குடை பிடிக்கப்பட்டிருந்தது. சுல்தானுக்கான பானம் உள் மாளிகைக்குச் செல்கிறது. பேச்சில்லை, அவசரமில்லை. அதுவரை கூச்சலிட்டுக்கொண்டிருந்த பள்ளிக் குழந்தைகள்கூடத் தாமாகவே அமைதியானார்கள். அரசர் அதை அருந்துகிறாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. அது நாள் தவறாமல் நடக்கிறது என்பதே பொருட்டு. எனக்குச் சட்டென்று திருமஞ்சனத்துக்கான நீர் நினைவுக்கு வந்தது. நம் கோயில்களில் தீர்த்தக் குடம் இப்படித்தான் குடைநிழலில், மேளத்துடன் வரும். அந்த நொடியில்தான் கெராத்தோன் எனக்குப் புரியத் தொடங்கியது.

கெராத்தோன் என்ற சொல்லைப் பிரித்தால் அதன் நடுவே 'ரத்து' இருக்கும். அரசர் என்று பொருள். ரத்து வாழும் இடம் கெராத்தோன். நம்முடைய சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: கோ வாழும் இல், கோயில். அரசனின் மனைக்குத்தான் தமிழில் முதலில் இப்பெயர் இருந்தது. பிறகு அது இறைவனின் மனைக்கு உரியதாயிற்று. ஒரே பொருளுடைய இரண்டு சொற்கள், இரு கரைகளில் இரு வேறு வழிகளில் சென்றுள்ளன. அவர்கள் அரண்மனையை அரண்மனையாகவே காத்துக்கொண்டார்கள். நாம் நம் அரண்மனையைக் கோயிலுக்குள் கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. சோழர்களின் கோயில்கள் ஆயிரம் ஆண்டுகளாக நிற்கின்றன. அவர்களின் மாளிகை ஒன்றேனும் நிற்கிறதா? கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டில் அகழாய்வாளர்கள் கண்டவை செங்கல் அடித்தளங்களே. மன்னர்கள் தமக்குச் செங்கல்லாலும் மரத்தாலும் வீடு கட்டிக்கொண்டார்கள்; இறைவனுக்குக் கருங்கல்லால் கட்டினார்கள். பின்வந்த அரண்மனைகளையும் வரலாறு விட்டுவைக்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1801-இல் தரைமட்டமாக்கப்பட்டது. தஞ்சை மராத்திய அரசு 1855-இல் முடிவுக்கு வந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. 1971-இல் மன்னர் மானியமும் நின்றது. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் இன்று நாம் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு தூண்களைப் பார்க்கிறோம். தூண்கள் இருக்கின்றன, அவற்றுக்கிடையே நடந்த வாழ்க்கை இல்லை.

ஆனால், அந்த வாழ்க்கை முழுவதுமாக அழிந்துவிடவில்லை. விடியலில் அரசனைத் துயிலெழுப்புதல், நீராட்டுதல், அணிகலன் பூட்டுதல், கொலுவிருத்தல், கட்டியம் கூறுதல், குடையும் சாமரமும் ஏந்துதல், உலாப் போதல், வேட்டைக்குச் செல்லுதல், இரவில் தாலாட்டித் துயிலவைத்தல் ஆகிய அத்தனையும் கோயில்களில் நடக்கின்றன. அடியார்களைப் பெயர் சொல்லி அழைக்கும் அருளப்பாடும், தலையில் கட்டும் பரிவட்டமும் அரசவை மரியாதைகளே. காஞ்சி வரதரின் வருகையை அறிவிக்கும் திருச்சின்னத்தின் மீதே வேதாந்த தேசிகர் 'திருச்சின்னமாலை' என்றொரு சிறு நூலைப் பாடினார். ஓர் எக்காளத்துக்கென்றே ஓர் இலக்கியம்! இதைவிட அரசவைப் பண்பாட்டுக்கு வேறென்ன சான்று வேண்டும்?

யோக்யகர்த்தாவின் தெற்கே பங்குங் கிராப்யாக் என்றொரு பழைய கட்டடம் இருக்கிறது. முதலாம் ஹமெங்குபுவோனோ வேட்டைக்காகக் கட்டியது. மேல்தளத்தில் நின்றுகொண்டு சுற்றியிருந்த காட்டில் மான் வேட்டையாடுவார்களாம். வடக்கே உள்ள துகு தூண், நடுவே அரண்மனை, தெற்கே இந்த வேட்டை மாடம் ஆகிய மூன்றையும் ஒரே நேர்க்கோட்டில் அமைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டை வடக்கே நீட்டினால் மெராப்பி எரிமலை. தெற்கே நீட்டினால் கடல். 2023-இல் இந்த அச்சை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நான் சென்றபோது வேட்டை மாடத்தைச் சுற்றிக் காடு இல்லை. வாகன நெரிசல் மட்டுமே இருந்தது.

அங்கே அரசர் இருக்கிறார், வேட்டை இல்லை. இங்கே பழையசீவரத்தில் அரசர் என்று எவரும் இல்லை. வேட்டை மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கிறது. இதை எண்ணிக்கொண்டுதான் இந்த ஆண்டு மாட்டுப் பொங்கலன்று மலையடிவாரத்தில் நின்றேன்.

காஞ்சிக்கும் ஜாவாவுக்கும் உள்ள உறவு என் கற்பனையன்று. மேற்கு ஜாவாவில் ஆட்சிபுரிந்த பூர்ணவர்மனின் ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் பல்லவ எழுத்து வகையில் வெட்டப்பட்டவை. யோக்யகர்த்தாவை அடுத்த மாகெலாங் பகுதியில் கிடைத்த 732-ஆம் ஆண்டுச் சங்கால் கல்வெட்டும் அத்தகையதே. அவ்வெழுத்திலிருந்து காவி எழுத்தும், அதிலிருந்து இன்றைய ஜாவானிய எழுத்தும் கிளைத்தன. யோக்யகர்த்தாவின் தெருப்பெயர்ப் பலகைகளில் அந்த எழுத்தைக் காண்பவர், தம் வீட்டுக் கொடியின் ஒரு கிளை அடுத்தவர் தோட்டத்தில் பூத்திருப்பதைக் காண்பவரைப் போல ஆகிவிடுவார்.

இன்னொரு செய்தியும் உண்டு. கிழக்கு ஜாவாவில் கிடைத்த 760-ஆம் ஆண்டுத் தினோயோ கல்வெட்டு, கஜயானன் என்ற அரசனைப் பற்றிக் கூறுகிறது. முன்னோர் மரத்தால் செய்து வைத்த அகத்தியர் திருவுருவம் சிதைந்துவிட்டதால், அவன் அதைக் கருங்கல்லில் செய்து நிறுவினானாம். இதைப் படித்தபோது எனக்குப் பழையசீவரமே நினைவுக்கு வந்தது. காஞ்சியில் ஆதியில் வழிபடப்பட்ட அத்தி மரத் திருமேனி அனந்தசரஸ் குளத்தில் வைக்கப்பட்டபோது, அதற்கு ஈடாகக் கருங்கல் திருமேனி பழையசீவரத்திலிருந்தே கொண்டு செல்லப்பட்டது என்பது இவ்வூராரின் வழக்கு. அந்த நன்றிக்காகவே வரதர் ஆண்டுதோறும் இங்கே வருகிறார் என்பார்கள். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் அத்திவரதரை 2019-இல் 48 நாள்கள் நாடே திரண்டு தரிசித்தது. ஆனால், அவருக்குப் பதிலாளரைத் தந்ததாகச் சொல்லும் சிற்றூரை எத்தனை பேர் அறிவார்கள்?

பழையசீவரத்தின் அமைவிடமே ஓர் அரசருக்கு உரியது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் இடம் இது, எதிர்க்கரையில் திருமுக்கூடல். மலை மண்டபத்தில் திருமஞ்சனமும் ஆராதனையும் முடிந்து இறங்கிவரும் வரதர், இவ்வூர் இலட்சுமி நரசிம்மரையும் உடன் அழைத்துக்கொண்டு அக்கரைக்குப் போவார். சாலவாக்கத்திலிருந்து ஸ்ரீநிவாசரும், காவாந்தண்டலத்திலிருந்து இலட்சுமி நாராயணரும் வந்து சேர்வார்கள். திருமுக்கூடல் அப்பன் வேங்கடேசர் அனைவரையும் எதிர்கொள்வார். ஒரு பேரரசர் தம் எல்லைக்கு வரும்போது சிற்றரசர்கள் கூடி வரவேற்கும் அவையே அது. அந்த அவையில் ஆணை ஒன்றும் பிறப்பிக்கப்படுவதில்லை. வரி ஒன்றும் வசூலிக்கப்படுவதில்லை. ஐந்து ஊர் மக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பெண் கொடுத்த ஊரும் பெண் எடுத்த ஊரும் ஆற்றங்கரையில் அமர்ந்து கட்டுச்சோறு உண்கின்றன.

அதே திருமுக்கூடல் கோயிலின் சுவரில் வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் அங்கு இயங்கிய கல்விச்சாலையையும் 'வீரசோழன்' என்ற ஆதுலர் சாலையையும் அது விவரிக்கிறது. அந்த மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவரும், அறுவை செய்வோரும், பணிப்பெண்களும், மூலிகை கொணர்வோரும் எவ்வளவு நெல் பெற்றனர் என்ற கணக்கும் அதில் உண்டு. அரசவைப் பண்பாடு என்பது குடையும் சாமரமும் மட்டுமன்று, பணிசெய்பவனுக்கு உரியதை அளந்து கொடுத்து, அதைக் கல்லில் எழுதி வைப்பதும் ஆகும் என்பதை அச்சுவர் நமக்குச் சொல்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசவைப் பண்பாட்டைப் போற்றுவது, அரசாட்சியைப் போற்றுவதாகிவிடக் கூடாது. இங்கிருந்து சற்றுத் தொலைவில் உத்தரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை அங்கே பொறித்து வைத்துள்ளன. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியத்துக்கு வரக்கூடாது என்று அவை விதித்தன. அந்த வாய்ப்பும் நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே உரியதாக இருந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அரசவை மரபு எங்கும் படிநிலைகளின் மீதே கட்டப்பட்டது. யார் அருகே நிற்கலாம், யார் தொலைவில் நிற்க வேண்டும், யார் தலையில் பரிவட்டம் என்ற சண்டைகள் நம் கோயில் வாசல்களில் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன.

ஜாவாவிலும் அந்தச் சிக்கல் உண்டு. அவர்கள் மொழியிலேயே படிநிலை இருக்கிறது. தாழ்ந்தவரிடம் பேசும் 'ங்ஙோக்கோ' ஒரு வகை. உயர்ந்தவரிடம் பேசும் 'கிரோமோ' மற்றொரு வகை. இரண்டுக்கும் சொற்களே வேறு. ஆனால், யோக்யகர்த்தா அரண்மனைக்குள் பணியாளர்கள் தமக்குள் பேசிக்கொள்ள 'பாகோங்கான்' என்றொரு தனிவழக்கு உண்டு. பதவி எதுவாயினும் எல்லோரும் ஒருவருக்கொருவர் அதே சொற்களில்தான் பேச வேண்டும். படிநிலையின் உச்சியிலேயே படிநிலையைத் தளர்த்தும் ஒரு வழியை வைத்திருக்கிறார்கள். பத்தாம் ஹமெங்குபுவோனோவுக்கு ஐந்தும் பெண்மக்கள். 2015-இல் மூத்த மகளுக்கு அவர் வழங்கிய புதிய பட்டப்பெயர், பெண் ஒருவர் அரியணை ஏறலாமா என்ற விவாதத்தை எழுப்பியது. உறவினர் பலர் எதிர்க்கின்றனர். மாறாமல் இருப்பது போலத் தோன்றும் மரபுக்குள்ளும் காலம் நுழைந்து கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

யோக்யகர்த்தா அரண்மனை பிழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1945-இல் இந்தோனேசியா விடுதலை முழக்கம் செய்தபோது, ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ தயங்காமல் குடியரசின் பக்கம் நின்றார். 1946 முதல் 1949 வரை குடியரசின் தலைநகரே யோக்யகர்த்தாவில் இயங்கியது. புதிதாகத் தொடங்கிய கஜா மாடா பல்கலைக்கழகத்தின் வகுப்புகள் அரண்மனை மண்டபங்களில் நடந்தன. அதே மரபில் வந்த சுரகர்த்தா அரசு 1946-இல் தன் சிறப்புத் தகுதியை இழந்தது. மக்களின் பக்கம் நின்ற அரண்மனையை மக்கள் காத்துக்கொண்டார்கள். 2012-இல் இயற்றப்பட்ட சட்டம் யோக்யகர்த்தாவின் சிறப்புத் தகுதியை உறுதி செய்தது. பண்பாட்டுப் பணிகளுக்கென நடுவண் அரசு தனி நிதியும் ஒதுக்குகிறது. சுல்தானே ஆளுநர் ஆவது மக்களாட்சிக்குப் பொருந்துமா என்ற கேள்வி அங்கும் எழாமலில்லை. ஆனால், பண்பாட்டைக் காப்பது அரசின் கடமை என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

காக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த அரண்மனையே சான்று. 1812 சூன் மாதத்தில் இராஃபிள்சின் தலைமையிலான ஆங்கிலேய ஆட்சி அதைத் தாக்கிக் கொள்ளையிட்டது. தாக்கிய படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர் என்பது நாம் வெட்கத்துடன் நினைவுகூர வேண்டிய செய்தி. அரண்மனையின் ஏட்டுச் சுவடிகள் அள்ளிச் செல்லப்பட்டன. அவற்றைத் திரட்டியவர்களில் ஒருவர் காலின் மெக்கன்சி. தென்னிந்தியச் சிற்றூர்கள்தோறும் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டிய அதே மெக்கன்சிதான். அவர் இங்கே திரட்டியவற்றில் பெரும்பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. ஜாவாவில் திரட்டியவை லண்டனுக்குச் சென்றன. 200 ஆண்டுகளுக்கும் மேலான பின்பு, 2019-இல், 75 சுவடிகளின் மின்படிகள் மட்டும் பிரிட்டிஷ் நூலகத்திலிருந்து சுல்தானிடம் வழங்கப்பட்டன. மூலச் சுவடிகள் இன்னும் லண்டனில்தான் இருக்கின்றன.

நம் அரசவைப் பண்பாட்டின் ஏடுகள் எவை? அவை பெரும்பாலும் ஏடுகளே அல்ல, மனிதர்கள். எந்த வேளையில் எந்த மல்லாரி என்று அறிந்த நாகஸ்வரக் கலைஞர், காற்றடிக்கும்போது வெண்குடையை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று அறிந்த குடைக்காரர், மலைப்படியில் ஏறும்போது பின்தண்டை எத்தனை விரல் உயர்த்த வேண்டும் என்று அறிந்த ஸ்ரீபாதம் தாங்கி ஆகியோரே அந்த ஏடுகள். இவர்களை எவரும் கொள்ளையடித்துச் செல்லவில்லை. நாம்தான் கவனிக்காமல் இழந்துகொண்டிருக்கிறோம்.

இந்த ஆண்டு மலையடிவாரத்தில் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டு அமர்ந்திருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தோளில் காய்த்துப்போன தழும்பைக் காட்டினார். "ஐயா, எங்கப்பாவும் இந்தத் தண்டைத்தான் புடிச்சாரு. எம் பையன் ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போறான். லீவு கெடைச்சா வருவான். இந்த வருசம் கெடைக்கல" என்றார். பையன் மீது அவருக்குக் கோபமில்லை. "அவன் போனதும் சரிதானுங்களே, இதுல என்ன வருமானம்?" என்று அவரே சொன்னார். யோக்யகர்த்தாவில் சிரித்த அந்த முதியவரின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் வெறுங்காலோடு இருந்தார்கள்; இரண்டு பேரும் ஊதியத்தைப் பற்றிக் குறை சொல்லவில்லை. ஆனால், அங்கே ஓய்வுபெற்றவர்களும் இளைஞர்களும் பணியில் சேர வருகிறார்கள். இங்கே இருப்பவர்களும் நீங்குகிறார்கள். வறுமையைப் பொறுத்துக்கொள்ளும் பக்தியை நம்பி ஒரு பண்பாட்டை எத்தனை நாள் ஓட்டிவிட முடியும்?

இந்து சமய அறநிலையத் துறை ஓதுவார், நாகஸ்வரம், தவில் ஆகியவற்றுக்குப் பயிற்சிப் பள்ளிகளை உதவித்தொகையுடன் நடத்துகிறது, அது பாராட்டுக்குரியது. அதே அக்கறை குடைக்கும் தோளுக்கும் வேண்டும். திருவிழாப் பணிகள் ஒவ்வொன்றையும் கலையாக ஏற்று, அவற்றைச் செய்வோரிடமிருந்து முறையாகப் பதிவு செய்ய வேண்டும். திருவிழா நாள்களுக்கு மதிப்பான ஊதியமும், தோளும் முதுகும் தேய்ந்தவர்களுக்கு மருத்துவ உதவியும் வழங்க வேண்டும். விருப்பமுள்ள இளைஞர்கள் எக்குலத்தவராயினும் பயில வழி செய்ய வேண்டும். பிறப்பால் மட்டுமே கைமாறும் பணி, அந்தக் குடும்பத்தின் பிள்ளை வேறு வேலைக்குச் செல்லும் நாளில் நின்றுவிடும். கற்பதால் கைமாறும் பணி நிற்காது.

கட்டுப்பாடு ஆற்றுக்கும் வேண்டும். ஒருகாலத்தில் பாலாற்று மணலில் நடந்து இறைவன் அக்கரைக்குச் சென்றான் என்று முதியோர் சொல்வார்கள். இன்று பாலம் இருக்கிறது. பழையசீவரத்தில் தடுப்பணையும் இருக்கிறது. ஆனால், அள்ளப்பட்ட மணல் திரும்பவில்லை. யோக்யகர்த்தாவின் அச்சு எரிமலையையும் கடலையும் அரண்மனையோடு சேர்த்துப் பார்க்கிறது. நமக்கும் மலையும் மூன்று ஆறுகளும் கோயிலும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. கோயிலுக்கு வண்ணம் தீட்டிவிட்டு ஆற்றை விட்டுவிட்டால், அரசர் வேட்டைக்கு வருவது எந்த நாட்டுக்கு?

அன்று மாலை திருமுக்கூடலில் ஐந்து பெருமாள்களும் விடைபெற்றுக்கொண்டார்கள். தீவட்டிகள் ஏற்றப்பட்டன. காஞ்சிக்குத் திரும்பும் ஊர்வலம் புறப்படும் வேளையில், முன்தண்டைத் தாங்க ஓர் ஆள் குறைந்தது. கூட்டத்திலிருந்த இளைஞன் ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிச் சென்று தோள் கொடுத்தான். அவனுக்குத் தண்டைப் பிடிக்கத் தெரியவில்லை. காலையில் என்னிடம் பேசிய முதியவர் அவன் பின்னால் நின்று, தோளின் மீது துண்டை மடித்து வைத்து, "எடது கால முன்ன வை தம்பி" என்றார். திருச்சின்னம் ஒலித்தது. அரசர் நகரத் தொடங்கினார்.